கியூ ஷாஃப்ட் கடைய புது மெஷின் எடுக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூல் கியூ (பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல்) செய்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் "ஒரு ஷாஃப்ட் மெஷின் எடுக்கலாம்னு இருக்கேன், எதைப் பார்த்து எடுக்கிறது?" என்று கேட்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது. சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஷாஃப்ட் வெறும் குச்சிதானே, அதற்கென்று தனி மெஷின் எதற்கு?

குச்சிதான். ஆனால் கடைசல் வேலையில் இதைவிடத் தொல்லை பிடித்த குச்சி கிடையாது. வழக்கமான கியூ 58 அங்குலம், அதில் முன்பாதியான ஷாஃப்ட் சுமார் 29 அங்குலம், அதாவது ஏறக்குறைய 740 மி.மீ. பந்தில் படும் தோல் துண்டான டிப் இருக்கும் முனை 13 மி.மீ. அல்லது அதற்கும் கீழே, பின்பாதியோடு சேரும் ஜாயின்ட் பக்கம் 21 மி.மீ. சொச்சம். அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு ஒல்லியான மரத்தை இரண்டு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றினால் அது நடுவில் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி ஆடத் தொடங்கும். கம்பியோ கோலோ எதுவானாலும் வளையும் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகும். 25 மி.மீ. உருளையை 13 மி.மீ. ஆக்கிவிட்டால், அதே விசைக்கு அது கிட்டத்தட்ட 14 மடங்கு அதிகமாக வளையும். வேலை முடிய முடியத்தான் வேலை கஷ்டமாகிறது. சாதாரண லேத்தில் கை உளியோடு நின்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அதனால்தான் ஷாஃப்ட் மெஷின்களில் எல்லாம் தலைகீழ் ஏற்பாடு: மரம் மெதுவாகச் சுற்றும், வெட்டும் கட்டர் படுவேகமாகச் சுற்றும். ஒவ்வொரு பல்லும் துளித்துளியாகக் கிள்ளி எடுப்பதால் மரத்தின் மேல் அழுத்தம் குறைவு.

சந்தையில் என்னென்ன வகை இருக்கிறது?

பெரிய பிரிவு மூன்று. முதலாவது, டேப்பர் (முனையிலிருந்து பருத்துக்கொண்டு போகும் வடிவம்) பார் வைத்த மெஷின். நீங்கள் விரும்பும் வடிவத்தில் ஒரு அலுமினியப் பட்டையைச் சீவி வைத்திருப்பார்கள், ரவுட்டரை (கட்டரைச் சுற்றும் மோட்டாரை) அதன்மேல் ஒரு பேரிங் வழியாக ஓடவிட்டால் அதே வடிவம் மரத்தில் இறங்கும். எளிமையானது, கரண்ட் போனாலும் குழம்பாது, ஆனால் டேப்பர் மாற்ற வேண்டுமென்றால் பட்டையை மாற்ற வேண்டும். இரண்டாவது, ரவுட்டருக்குப் பதில் வட்ட ரம்பப் பிளேடு போட்ட மெஷின். பெரிய பிளேடு, கனமான மோட்டார், அதிர்வு குறைவு, வெட்டு சுத்தமாக விழும். மூன்றாவது, கணினி ஓட்டும் சி.என்.சி. டேப்பரை எண்களாகக் கொடுத்துவிட்டால் மோட்டார்கள் பார்த்துக்கொள்ளும்.

எது உசத்தி என்று என்னிடம் கேட்காதீர்கள். மூன்றிலும் நல்ல ஷாஃப்ட் வந்து பார்த்திருக்கிறேன், மூன்றிலும் விறகுக்குப் போகிற சரக்கு வந்தும் பார்த்திருக்கிறேன்.

விற்பவர் செய்து காட்டினார், ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி வந்தது. அது போதாதா?

போதாது. அவர் மரம், அவர் கட்டர், அவர் கை, அவர் தேர்ந்தெடுத்த நாள். அந்த மரம் அதற்கு முன் நாலு தடவை கடைந்து காயவைத்த மரமாக இருக்கலாம், கடைசிச் சீவலை மட்டும் உங்கள் கண்முன் எடுத்திருக்கலாம். ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை, நானே யாராவது பார்க்க வந்தால் நல்ல மரத்தைத்தான் எடுத்து வைப்பேன்.

உங்கள் மரத்தைக் கொண்டுபோங்கள். அதிலும் அழகான நேர்ரேகை மரம் மட்டும் வேண்டாம், ரேகை கொஞ்சம் சாய்ந்து ஓடுகிற, நீங்கள் வழக்கமாக ஒதுக்கிவைக்கிற உருளை இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். நல்ல மரத்தை எந்த மெஷினும் நன்றாகத்தான் வெட்டும். சாய்ந்த ரேகையில் நார் பிய்ந்து வருகிறதா, பிசிறு நிற்கிறதா என்று பார்த்தால்தான் கட்டரின் யோக்கியதை தெரியும். உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் ஷாஃப்டை வாங்கிப் பாருங்கள். "ஒரு நிமிஷம், லேசா ஒரு தேய்ப்பு" என்று அவர் கை நீளும், அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

வந்த ஷாஃப்ட் கோணலாக இருந்தால் மெஷின் தப்பா, மரத்தின் தப்பா? எப்படிப் பிரிப்பது?

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இதுதான். இதைப் பிரிக்கத் தெரியாமல் மெஷின் வாங்கினால், மரத்தின் குற்றத்துக்கு மெஷினைத் திட்டுவோம், மெஷினின் குற்றத்தை மரத்தின் தலையில் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுவோம். மரத்தை நேராக்குகிற மெஷின் உலகத்தில் கிடையாது. மரம் தன் இஷ்டத்துக்குத்தான் திரும்பும். மெஷின் தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் இருந்தால் போதும், நாம் சோதிக்க வேண்டியது அதை மட்டும்தான்.

நான் மூன்று படியாகச் செய்வேன்.

முதலில் மரமே வேண்டாம். நல்ல தடிமனான பினாலிக் (கெட்டியான பிசின் பிளாஸ்டிக்) உருளை ஒன்றை, 30 மி.மீ. விட்டமாவது இருக்கட்டும், மாட்டிவிட்டு டேப்பர் இல்லாமல் ஒரே விட்டத்துக்குக் கடையச் சொல்லுங்கள். இவ்வளவு தடிமனில் வளைவு மிகக் குறைவு என்பதால், வருகிற தப்பில் பெரும்பகுதி மெஷினின் எலும்புக்கூட்டுத் தப்புதான். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்தால் உருளையின் கடைசி முனையைப் பிடிக்கும் டெயில்ஸ்டாக் கோட்டில் இல்லை, அல்லது கட்டர் ஓடும் ரெயில் இணையாக இல்லை. நடுவில் மட்டும் இடுப்பு சிறுத்தோ பருத்தோ வந்தால் ரெயிலே வளைந்திருக்கலாம், அப்படிப்பட்ட மெஷினோடு எனக்குப் பேச்சு இல்லை.

அடுத்து அதே பினாலிக்கில் ஒல்லியான உருளையை எடுத்து முழு ஷாஃப்ட் டேப்பரைக் கடையுங்கள். பினாலிக் மரத்தைப் போல ஈரத்துக்குத் தக்க ஆடாது, ஆனால் வளையும். இப்போது நடுப்பகுதி கணக்கைவிடப் பருமனாக வந்தால், கட்டர் அதைத் தள்ளிவிட்டுப் போகிறது என்று அர்த்தம். இதை உறுதிசெய்ய ஒரு சுலபமான வழி: எந்த எண்ணையும் மாற்றாமல் அதே ஓட்டத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள். கட்டர் காற்றில்தான் போக வேண்டும். தூள் பறந்தால், முதல் ஓட்டத்தில் எவ்வளவு வளைந்துபோனதோ அவ்வளவும் இப்போது வெட்டுப்படுகிறது. கொஞ்சம் பொடி வருவது சகஜம். ஆனால் நடுவில் சரசரவென்று சத்தம் கேட்கிற அளவுக்கு வெட்டினால், கட்டர் நகரும் ஊட்டு வேகத்தையோ வெட்டின் ஆழத்தையோ குறைத்தாக வேண்டும், அல்லது நடுவில் தாங்கி வைக்க வசதி இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் மரம். முதல் இரண்டிலும் தேறிய மெஷினில் மரம் கோணினால், சரி, அது மரத்தின் குணம் என்று நிம்மதியாகச் சொல்லலாம்.

0.01 மி.மீ. துல்லியம் என்று விளம்பரம் செய்கிறார்களே?

மெஷின் அசைவில் அந்தத் துல்லியம் இருக்கலாம். அந்த எண் ஷாஃப்டுக்கு வந்து சேருமா என்பதுதான் கேள்வி. கணக்கைப் பாருங்கள். ஷாஃப்டுக்கு வழக்கமாகப் போகும் வட அமெரிக்க ஹார்டு மேப்பிள், முழுப் பச்சையிலிருந்து எலும்பாகக் காய்கிறவரை வளையங்களின் போக்கில் 9.9 சதவீதமும், ஆரத்தின் போக்கில் 4.8 சதவீதமும் சுருங்கும். இந்தச் சுருக்கமெல்லாம் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் நடக்கிறது. ஆக, ஈரப்பதம் ஒரே ஒரு சதவீதம் மாறினால் 13 மி.மீ. முனை ஒரு திசையில் 0.04 மி.மீ., குறுக்குத் திசையில் 0.02 மி.மீ. மாறும். நாலைந்து நாள் விடாமல் மழை பெய்தாலே வட்டமாகக் கடைந்தது முட்டை வடிவத்துக்கு லேசாகச் சாய்ந்துவிடும்!

அதனால் 0.01 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். பத்து உருளையை வரிசையாகக் கடைந்தால் பத்தும் ஒன்றுபோல வருகிறதா? எல்லாமே 0.05 கூடுதலாக வந்தால் எண்ணைத் திருத்திவிட்டுப் போகலாம். ஒன்று கூடி ஒன்று குறைந்து வந்தால் எதைத் திருத்துவீர்கள்?

அளக்கும்போது கவனிக்க வேண்டியது?

மைக்ரோமீட்டரை இறுக்கினால் மரம் அமுங்கும், எனவே அளவுக்கு மேல் இறுக்காமல் நழுவும் ராட்செட் முனையைத்தான் திருக வேண்டும், எப்போதும் அதே கை அழுத்தம். டிப் முனையிலிருந்து ஓர் அங்குலம், ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, ஜாயின்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் என்று பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு தடவை அளந்து எழுதுங்கள். இரண்டும் வித்தியாசப்பட்டால் அது முட்டை வடிவம்.

வளைவுக்கு டயல் கேஜ், அதாவது நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி. ஷாஃப்டைச் சென்டர்களுக்கு (இரு முனையையும் தாங்கும் கூர்முனைகளுக்கு) நடுவே வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: முள் 0.5 மி.மீ. ஆடினால் உண்மையான வளைவு அதில் பாதிதான், 0.25. இதை மறந்துவிட்டு நல்ல ஷாஃப்டுகளைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

டெயில்ஸ்டாக்கில் என்ன பார்ப்பது? அது வெறும் பிடிமானம்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் முதல் மெஷினில் கடைந்த ஷாஃப்டுகள் மாட்டியிருக்கும்போது அச்சு மாதிரி ஓடும், கழற்றி மேசையில் உருட்டினால் நடுவில் ஒரு துள்ளல். மரத்தை மாற்றினேன், கட்டரை மாற்றினேன், விற்ற கடைக்காரரோடு போனில் வாக்குவாதம் செய்து அவர் மனதையும் கெடுத்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி என் வலது மணிக்கட்டு. மரம் நழுவிவிடுமோ என்ற பயத்தில் டெயில்ஸ்டாக் சக்கரத்தை ஒரு கால் சுற்று அதிகமாகவே இறுக்கும் பழக்கம் எனக்கு.

நடப்பது இதுதான். இரு முனையிலும் நெருக்கினால் ஒல்லியான கோல் வில்லாகப் பிதுங்கும். 740 மி.மீ. நீளமும் 13 மி.மீ. விட்டமும் உள்ள மேப்பிள் கோல் சுமார் 30 கிலோ விசையிலேயே மடங்கிவிடும் என்று கணக்கு சொல்கிறது. ஷாஃப்ட் ஒரு பக்கம் பருத்திருப்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை, அதில் பாதி விசையிலேயே இயல்பாக இருக்கிற லேசான வளைவு பெரிதாகிவிடும். திருகுச் சக்கரத்தைக் கையால் இறுக்கினாலே இதைவிடப் பல மடங்கு விசை வரும். வில்லாக நிற்கும்போது பிதுங்கிய பக்கத்தைக் கட்டர் அதிகமாகச் சீவிவிடுகிறது. கழற்றியதும் கோல் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது, அதிகம் சீவிய பக்கம் இப்போது பள்ளமாகக் காட்டுகிறது.

ஆகவே புது மெஷினில் நான் முதலில் தடவிப் பார்ப்பது டெயில்ஸ்டாக்கைத்தான். வெறும் திருகாக இல்லாமல் ஸ்பிரிங் அல்லது காற்றழுத்தம் வைத்து, எவ்வளவு நெருக்க வேண்டும் என்று நிர்ணயிக்க முடிந்தால் பெரிய பிளஸ். சுழலும் சென்டராக இருந்தால் அதன் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். மரத்தைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் ஸ்பிண்டிலுக்கு ஆயிரம் சோதனை செய்துவிட்டு இந்தக் கடைசி முனையை விட்டுவிடுகிறவர்களே அதிகம். ஷாஃப்டில் மிக ஒல்லியான, மிக முக்கியமான பாகம் பெரும்பாலும் இந்த முனையில்தான் மாட்டப்பட்டிருக்கிறது.

ஷாஃப்ட்மேல் சுருள்சுருளாகக் கோடு விழுகிறது. எதனால்?

கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள், அதுவே பதிலைச் சொல்லிவிடும். மரம் நிமிடத்துக்கு 300 சுற்று, கட்டர் நிமிடத்துக்கு 450 மி.மீ. நகர்கிறது என்றால் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்வு. கோடுகளும் 1.5 மி.மீ.க்கு ஒன்றாக இருந்தால் அது வெறும் ஊட்டுத் தடம், நகரும் வேகத்தைக் குறைத்தாலோ கட்டரின் வெட்டு முகம் அகலமாக இருந்தாலோ மறையும். ஊட்டு வேகத்தை மாற்றியும் இடைவெளி மாறாமல் 5 மி.மீ.க்கு ஒன்று என்று நின்றால், கட்டரை நகர்த்தும் திருகான பால் ஸ்குரூவின் மரை இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். அதுவும் 5 என்றால் ஸ்குரூ வளைந்திருக்கிறது அல்லது அதன் பேரிங் இருக்கை கோணல். இது உப்புத்தாளில் போகிற தப்பு இல்லை.

நடுப்பகுதியில் மட்டும் பட்டைபட்டையாகச் சரிந்து சுற்றிக்கொண்டு போகிற, விரல் நகத்தை ஓட்டினால் கரகரவென்று தெரிகிற தடம் அதிர்வு. மரத்தின் சுழற்சி வேகத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஒரு இடத்தில் அடங்கும். அப்படி வேகத்தை ஏற்றி இறக்க வசதி இல்லாத மெஷினை நான் எடுக்க மாட்டேன்.

கட்டர் எப்படி இருக்க வேண்டும்?

கார்பைடு, கூர்மை, சமநிலை. 50 மி.மீ. கட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்று ஓடினால் பல் முனையின் வேகம் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல், அந்த வேகத்தில் சமநிலை தப்பிய கட்டர் மரத்தை வெட்டாது, அடிக்கும். எந்தக் கடையிலும் கிடைக்கிற அளவுக் கட்டர் பொருந்துமா, அல்லது அவரிடமே வாங்க வேண்டிய தனி வடிவமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு கழுத்தைப் பிடிப்பது இதுதான்.

"ஒரே ஓட்டத்தில் உருளையிலிருந்து ஷாஃப்ட்" என்கிறார்கள். நேரம் மிச்சம் ஆகாதா?

மெஷினால் முடியும், மரத்தால் முடியாது. உருளைக்குள் இழுவிசைகள் பூட்டிக்கிடக்கின்றன, மேலே சீவச் சீவ அவை விடுபட்டு மரம் திரும்பும். அதனால்தான் கொஞ்சம் சீவித் தொங்கவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் சீவி, மாதக்கணக்கில் இழுத்தடித்துச் செய்கிறோம். ஒவ்வொரு தடவையும் சென்டர் துளையைச் சரிபார்த்து, மிச்சமிருக்கும் வளைவைக் கடைந்தே எடுத்துவிடலாம். கடைசிச் சுற்றுக்குக் கொஞ்சம் சதையை மிச்சம் வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

ஆகையால் ஒரு ஷாஃப்டுக்கு எத்தனை நிமிடம் என்ற எண் அவ்வளவு முக்கியம் இல்லை. அந்த 450 மி.மீ. வேகத்திலேயே ஒரு ஓட்டம் ஒன்றரை நிமிடம் சொச்சம்தான். மாட்டுவது, கழற்றுவது, மறுபடி மாட்டினால் அதே சென்டரில் உட்காருவது, இதுதான் நேரத்தைத் தின்கிறது. ஒரே ஷாஃப்டை ஐந்து தடவை கழற்றி மாட்டி, ஒவ்வொரு தடவையும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்யப்போகிற வேலை அது.

சி.என்.சி.யில் டேப்பரை எப்படிச் சோதிப்பது?

பூல் ஷாஃப்டில் பலரும் கேட்பது, டிப்பிலிருந்து 10 முதல் 14 அங்குலம் வரை கிட்டத்தட்ட ஒரே பருமனில் வந்து பிறகு மெல்ல ஏறுகிற டேப்பர். இன்னொன்று முனையிலிருந்தே சீராகப் பருத்துக்கொண்டு போகும் கூம்பு வடிவம். இரண்டையும் கடைந்து பாருங்கள். முதலாவதில் பிரிட்ஜ் விரல்களுக்கு (கோலைத் தாங்கும் கையின் விரல்களுக்கு) நடுவே ஷாஃப்டை முன்னும் பின்னும் ஓட்டும்போது, சமதளம் முடிந்து ஏற்றம் தொடங்குகிற இடத்தில் விரலுக்கு ஒரு "டக்" தெரிகிறதா? தெரிந்தால் மென்பொருள் புள்ளிகளை நேர்கோட்டில் இணைக்கிறது, வளைவாக இழைக்கவில்லை. நெருக்கமாகப் புள்ளி கொடுத்துச் சமாளிக்கலாம், அதற்கு அனுமதிக்கிற மென்பொருளா என்று பாருங்கள்.

டேப்பர் எண்களை நீங்களே திருத்த முடிய வேண்டும், ஃபைலை வெளியே நகலெடுத்து வைக்க முடிய வேண்டும். அப்புறம், ஓட்டத்தின் நடுவே ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். அப்போது கட்டர் எங்கே போய் நிற்கிறது, ஹோம் (தொடக்க) நிலைக்குத் திரும்பிய பிறகு அதே விட்டம் வருகிறதா என்று அளக்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒரே நேரத்தில் நான்கு, எட்டு ஷாஃப்ட் கடையும் மெஷின்?

பெரிய அளவில் செய்பவர்களுக்கு, அதுவும் முரட்டுச் சீவலுக்கு, நல்லதுதான். ஆனால் அதை ஒரு மெஷின் என்று நினைக்காதீர்கள், ஒரே சட்டத்தில் கட்டிய எட்டு மெஷின். எட்டுக்கும் தனித்தனியே மேலே சொன்ன சோதனை எல்லாம் உண்டு. ஷாஃப்டின் பின்முனையில் எந்த ஸ்பிண்டில் எண் என்று எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் ஸ்பிண்டிலின் குற்றத்துக்கு எட்டையும் அவிழ்ப்பீர்கள்.

முன்பகுதியில் துளை போடும் வசதியும் சேர்த்துத் தருகிறார்கள். தேவையா?

குறைந்த விலகல் ஷாஃப்ட் செய்ய ஆசை இருந்தால் தேவை. பக்கவாட்டுச் சுழல் கொடுத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து குறி பார்த்த கோட்டிலிருந்து விலகிப் போகிற அளவு, ஷாஃப்டின் முன்முனையில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எடையைக் குறைக்க முனையை ஒல்லியாக்குவார்கள், டிப்புக்கு அடியில் இருக்கும் வளையமான ஃபெரூலை இலேசாக்குவார்கள், உள்ளே நீளத் துளை போடுவார்கள். 1994-இல் வந்த பிரிடேட்டர் 314 ஷாஃப்டுக்குப் பிறகு இந்தப் பேச்சு பூல் உலகத்தில் பரவலானது.

துளையைச் சோதிக்க ஒரு ஷாஃப்டைப் பலிகொடுத்தே ஆக வேண்டும். துளைபோட்ட முன்பகுதியை ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக வெள்ளரிக்காய் மாதிரி வில்லைவில்லையாக அறுத்து வரிசையாக அடுக்குங்கள். முதல் வில்லையில் துளை நடுவில் இருக்கும். நாலாவது ஐந்தாவதில் ஒரு பக்கச் சுவர் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், டிரில் மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. வெளியே எவ்வளவு அழகாகக் கடைந்தாலும் அந்த ஷாஃப்ட் ஒரு பக்கம் ஒரு மாதிரி, திருப்பிப் பிடித்தால் வேறு மாதிரி அடிக்கும்.

இப்போது எல்லோரும் கார்பன் ஃபைபருக்குப் போகிறார்களே, மர மெஷின் வீண்தானே?

2016-இல் பிரிடேட்டர் ரீவோ வந்ததிலிருந்து கார்பன் ஷாஃப்ட் வேகமாகப் பரவியது உண்மை. ஆனால் மரத்தின் தொடுகையும் சத்தமும் பிடித்தவர்கள் போய்விடவில்லை, கார்பனுக்கு மாறியவர்களின் பட்டில் (கியூவின் பின்பாதியில்) இன்னமும் மரம்தான் பெரும்பாலும் இருக்கிறது, அதற்கும் டேப்பர் கடைய வேண்டும்.

கார்பன் குழாயை அதே மெஷினில் கடையலாமா என்று கேட்டால், யோசித்துச் செய்யுங்கள். அது கட்டரைச் சாப்பிடும், சாதாரண எஃகுக் கட்டர் சீக்கிரம் மொண்ணையாகிவிடும், வைரம் பதித்ததோ உராய்வுக் கல்லோதான் நிற்கும். அதைவிட முக்கியம், கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும். மூடாத மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ளே புகுந்தால் ஷார்ட் ஆகிவிடும். மர மெஷின் என்று விற்றதில் பெட்டியின் காற்றோட்ட ஓட்டைக்கு வடிகட்டிகூட இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

தூசி, சத்தம்?

மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது, மூக்குப் பகுதிப் புற்றுநோய்தான் முக்கியமான கவலை. இந்த மெஷின்கள் துளித்துளியாக வெட்டுவதால் தூசியும் மாவு மாதிரி நைசாக வரும். உறிஞ்சும் வாய் கட்டரோடு கூடவே நகர்கிறதா என்று பாருங்கள், ஒரு மூலையில் நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் அது அலங்காரம். காதுக்கு, நாள்முழுக்க வேலை என்றால் 85 டெசிபலுக்கு மேல் பாதுகாப்பு வேண்டும், ரவுட்டர் அதைத் தாண்டும்.

எத்தனை ஷாஃப்ட் கடைந்து பார்த்தால் முடிவு சொல்லலாம்?

பினாலிக் இரண்டு, மரம் பத்து என்பது என் கணக்கு. காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது மூன்று, மதியம் சூடேறிய பிறகு நாலு, கட்டர் கொஞ்சம் மழுங்கிய பிறகு மூன்று. எல்லாவற்றிலும் தேதி, வரிசை எண், அன்றைய ஈரப்பதம் எழுதுங்கள். அளந்த பிறகு தொங்கவிட்டு, ஒரு வாரம், மூன்று வாரம் கழித்து மறுபடி அளங்கள். அதற்குள் முடிவு சொல்லச் சொல்லி அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம், சரி, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிடலாம்.

பழைய மெஷின் வாங்கலாமா?

தாராளமாக. ரெயிலும் ஸ்பிண்டிலும் நன்றாக இருந்தால் மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாற்றக்கூடியவை. ஆனால் சோதனைக்கு விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

மெஷின் வந்து இறங்கியதும் முதல் வேலை?

ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள், கால்கள் நாலும் தரையில் சமமாக உட்கார வேண்டும், ஒரு கால் தூக்கலாக இருந்தால் சட்டமே முறுக்கிக்கொள்ளும். பிறகு அதே தடித்த பினாலிக் உருளையைக் கடைந்து, அளந்த எண்களை அதன்மேலேயே மார்க்கரால் எழுதி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒன்று கடைந்து பழையதற்குப் பக்கத்தில் மாட்டுங்கள். என் சுவரில் இப்போது ஒன்பது தொங்குகின்றன. ஏழாவதில் டெயில்ஸ்டாக் பக்கம் 0.08 கூடியிருந்தது, திறந்து பார்த்தால் பேரிங் போயிருந்தது.